மாலத்தீவில் எந்த அட்டோல்? ரிசார்ட்டின் பெயரைத் தேடும் முன் முடிவு செய்ய வேண்டியவை

மாலத்தீவுக்குப் போவதென்று முடிவானதும் பெரும்பாலானோர் ரிசார்ட்டின் பெயரைத் தேடத் தொடங்குகிறார்கள். படங்களைப் பார்த்து ஒன்றைப் பிடித்துப்போய், முன்பணமும் கட்டிய பிறகுதான் அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மாலத்தீவு வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 870 கி.மீ. நீண்டு கிடக்கிறது; சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்தைவிட அதிகம். அதில் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்குள்ள வழக்கம். கோவாவில் ஹோட்டல் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு பார்க்கலாம். இங்கே சுற்றிலும் கடல். இடம் மாற வேண்டுமானால் மறுபடி பணம் கட்டிப் படகிலோ விமானத்திலோ ஏற வேண்டும். பகுதியைத் தவறாகத் தேர்ந்துவிட்டால், போன இடத்தில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

அந்தப் பகுதியைத்தான் அட்டோல் என்கிறார்கள். கடலுக்கடியில் வளையமாக வளர்ந்த பவளப்பாறை, நடுவே ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு, வளையத்தின் மேலும் உள்ளேயும் சிதறிக் கிடக்கும் மணல் தீவுகள் எல்லாம் சேர்ந்தது ஓர் அட்டோல். மொத்தம் 26 என்று கணக்கு. முன்பதிவுத் தளங்களில் சில நேரம் இயற்கைப் பெயரும் சில நேரம் நிர்வாகப் பெயரும் வந்து குழப்பும். காஃபு என்றிருந்தால் அது வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே. அலிஃப் அலிஃப் என்றால் வடக்கு ஆரி. அலிஃப் தாலு என்றால் தெற்கு ஆரி. வெறும் தாலு என்பது இன்னும் தெற்கே இருக்கும் வேறோர் அட்டோல். காஃபு அலிஃபு, காஃபு தாலு இரண்டும் மாலேவுக்குப் பக்கமே இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஹுவது அட்டோலின் இரு பாதிகள் அவை.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது?

முதல் கேள்வி இதுதான். பணத்துக்கும் முன்னால் வருவது. வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலானவை தலைநகர் மாலே அருகே ஹுல்ஹுலே தீவில் உள்ள வேலானா பன்னாட்டு விமான நிலையத்தில்தான் இறங்குகின்றன. அங்கிருந்து ரிசார்ட்டுக்குப் போக மூன்று வழிகள்: ஸ்பீட் போட், சீப்ளேன், உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

சீப்ளேன் பகலில் மட்டுமே பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத் தண்ணீரில் இறக்குவதால் இருட்டினால் சேவை கிடையாது. ரிசார்ட்டுகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: மாலேயில் பிற்பகல் மூன்று, மூன்றரை மணிக்குள் இறங்கினால்தான் அன்றே சீப்ளேன் கிடைக்கும். திரும்பும்போது காலை ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பும் பன்னாட்டு விமானமாக இருக்க வேண்டும். மாலையில் இறங்கும் டிக்கெட்டை மலிவு என்று எடுத்துவிட்டு, பா அட்டோலிலோ நூனுவிலோ ரிசார்ட் போட்டால் முதல் இரவு விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் ஒரு சாதாரண ஹோட்டலில் கழியும். ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் அது திரும்ப வராது. நான்கு இரவுப் பயணத்தில் ஓர் இரவு போவது கால்வாசிப் பயணம் போவது.

சீப்ளேன் நேரம் முன்கூட்டியே தெரியாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அன்றன்றைய பயணிகளைப் பார்த்து வழித்தடம் போடுகிறார்கள். திரும்பும் நேரம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் அறைக்கு வந்து சேரும். வழியில் வேறு ஒன்றிரண்டு ரிசார்ட்டுகளிலும் இறங்கி ஏறலாம். 'பறக்கும் நேரம் 35 நிமிடம்' என்று விளம்பரத்தில் இருந்தாலும் காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விமானம் சுமார் 15 பேர் அமரும் ட்வின் ஆட்டர், ஏ.சி. கிடையாது, சத்தம் அதிகம், காதடைப்பான் தருவார்கள். ஆள் ஒருவருக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை என்பதே பொதுவான வரம்பு. அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கல்யாணப் பட்டுப்புடவைகளோடு நேரே தேனிலவுக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும், தெளிந்த வானத்தில் அட்டோல் வளையங்களுக்கு மேலே தாழப் பறப்பது மாலத்தீவு தரும் மிகச் சிறந்த காட்சி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பகலில் இறங்குகிறவர்கள் செலவைப் பார்த்து மட்டும் அதைத் தவிர்க்க வேண்டாம்.

உள்நாட்டு விமானம் இருட்டிய பிறகும் பறக்கும் என்பதால் மாலையில் இறங்குகிறவர்களுக்கு அதுவே வழி. பா அட்டோலுக்குத் தரவந்தூ, தெற்கு ஆரிக்கு மாமிகிலி, ராவுக்கு இஃபுரு, நூனுவுக்கு மாஃபாரு, தாலுவுக்கு குடஹுவதூ, லாமுவுக்குக் கத்தூ, ஹுவதுவுக்குக் கூட்டூ, அட்டுவுக்குக் கன். இறங்கிய பின் படகில் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஸ்பீட் போட் வடக்கு மாலேவுக்கும் தெற்கு மாலேவுக்கும் பொருந்தும். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். பெரும்பாலான ரிசார்ட்டுகள் இரவிலும் படகு விடுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் இந்த இரண்டு அட்டோல்களுக்கும் நடுவே உள்ள வாதூ நீரிணையில் அலை எழும்பும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் படகின் முன்பக்கத்தில் உட்காரக் கூடாது. அலையில் தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். பின்பக்கம், நடுவாக உட்காருங்கள். குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறிய பிறகு போட்டால் பலன் தருவதற்குள் தீவு வந்துவிடும்.

சுருக்கமான விதி: மூன்று இரவு என்றால் வடக்கு அல்லது தெற்கு மாலே. நான்கு, ஐந்து இரவு என்றால் ஆரி, பா, லவியானி, ரா, தாலு என்று போகலாம். ஆறு இரவுக்கு மேல் இருந்தால்தான் லாமுவும் ஹுவதுவும் அட்டுவும் அலைச்சலுக்கு ஈடாகும்.

நம் ஊர்ப் பருவமழைக் கணக்கு அங்கே செல்லாது

வடகிழக்குப் பருவம் என்றால் தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடகிழக்குக்கும் மழை. மாலத்தீவில் அதுவே வறண்ட பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை வானம் தெளிந்து, கடல் அடங்கி இருக்கும். பிப்ரவரியும் மார்ச்சும் மிகச் சிறந்தவை. தென்மேற்குப் பருவம் மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர்வரை நீளும். அப்போது காற்றும் மழையும் இருக்கும். ஆனால் நாள் முழுக்க அடைமழை என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும் நாள்கள் நிறைய. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போடுவதும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் பணம் கட்ட வேண்டும். வெப்பம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 25 முதல் 31 டிகிரிதான்.

தை மாதத்தில் கல்யாணம் முடிந்து போகிறவர்களுக்கு வானிலை மிக நன்றாக இருக்கும். விலையும் உச்சத்தில் இருக்கும். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் போகும் குடும்பங்கள் ஏப்ரலிலேயே போய்விடுவது நல்லது. மே மூன்றாவது வாரத்துக்குத் தள்ளினால் அது முற்றிலும் வேறு கடல். ஆவணி முகூர்த்தக்காரர்கள் மழைக்காலத்தில்தான் போய் இறங்குவார்கள். ஆனால் மான்டா திருக்கைகள் பா அட்டோலில் கூடும் காலமும் அதுவே என்பதால், இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் அந்த மாதம் வரம். அரையாண்டு விடுமுறையில் போவது வேண்டாம் என்றே சொல்வோம். டிசம்பர் 20 முதல் ஜனவரி முதல் வாரம்வரை விலை பலமடங்கு ஏறும். குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனையும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் கட்டாய விருந்துக் கட்டணமும் சேரும்.

பருவ வேறுபாடு தெற்கே போகப் போக மங்கும். ஆண்டு மழையளவும் வடக்கைவிடத் தெற்கில் அதிகம். வெயில் ஒன்றே குறி என்று ஜனவரியில் போகிறவர்கள் அட்டுவையும் ஹுவதுவையும் விட்டு நடுப்பகுதிக்கோ வடக்குக்கோ போக வேண்டும்.

காற்று வீசும் திசை வில்லா விலையோடும் சம்பந்தப்பட்டது. சூரியன் மறையும் பக்கத்து வில்லாவுக்கு எல்லா இடத்திலும் கூடுதல் விலை. மே முதல் அக்டோபர்வரை காற்று மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தில்தான் அலையும் காற்றும் அதிகம். படிக்கட்டில் இறங்கி நீந்தவும் முடியாத நாள்கள் இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் உதிக்கும் பக்கத்து வில்லா அமைதியாகவும் மலிவாகவும் இருக்கும். மாலை வெயிலைப் பார்க்கத் தீவைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் போதும். டிசம்பர் முதல் மார்ச்வரை நிலைமை தலைகீழ்.

கடலில் என்ன வேண்டும்?

'எல்லாம் வேண்டும்' என்பவர்களுக்கு நல்ல இடம் அமையாது. ஒன்றைச் சொல்லுங்கள்.

மான்டா திருக்கை பார்க்க வேண்டும் என்றால் முதலில் மாதம், பிறகு அட்டோல். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். மிதவையுயிரிகள் அட்டோலின் மேற்குப் பக்கம் சேரும். அவற்றைத் தின்னும் மான்டாக்களும் அங்கேயே. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் திரும்பி எல்லாம் கிழக்குப் பக்கம் வரும். ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல்வரை ஆரி அட்டோலின் மேற்கு விளிம்பு, ரங்காலி பக்கம். மே முதல் நவம்பர்வரை பா அட்டோல், அல்லது வடக்கு மாலேயின் கிழக்கு விளிம்பு. மான்டா வரும் பக்கத்தில் தண்ணீர் சற்றுக் கலங்கியே இருக்கும். கண்ணாடி போன்ற தெளிவும் மான்டாவும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

பா அட்டோலை 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஒரே நேரத்தில் பத்துக் கணக்கிலும், சில நாள்களில் நூறை நெருங்கியும் மான்டாக்கள் இரை தின்னக் கூடும். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. மூச்சுக்குழாயோடு மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, ஒரு முறைக்கு 45 நிமிடம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஓதம் (கடல் நீரின் ஏற்றவற்றம்) வலுத்து மிதவையுயிரிகள் விரிகுடாவுக்குள் அடைபடுவதால் வாய்ப்பு கூடும். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துப் பௌர்ணமியோ அமாவாசையோ நடுவில் வரும்படி நான்கு இரவு போடுங்கள். பா அட்டோலில் இருப்பதாலேயே ரிசார்ட் பக்கத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தரவந்தூவை ஒட்டிய கிழக்குப் பக்கத் தீவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம், மேற்கு ஓரத்திலிருந்து அதைவிட மிக அதிகம். தகவல் வந்ததும் உடனே கிளம்ப வேண்டிய பயணம் இது. அதனால் அந்தத் தூரம் முக்கியம்.

திமிங்கலச் சுறாவுக்குத் தெற்கு ஆரி. 2009இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்ட அதன் தெற்கு விளிம்பில், ரங்காலியிலிருந்து திகுராவரை, அவை ஆண்டு முழுதும் தென்படுகின்றன. உலகில் இப்படி எல்லா மாதமும் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. ஆனால் படகுகள் அதிகம். ஒரே சுறாவை ஆறேழு படகுகள் சூழும் காட்சி அந்த உயிருக்கும் நல்லதல்ல, பார்ப்பவருக்கும் நிறைவு தராது. காலையில் முதலில் படகு கிளப்பும் ரிசார்ட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். தொடக்கூடாது, தலைக்கு முன்னால் போய் வழிமறிக்கக் கூடாது.

ஆழக்கடலில் மூழ்குகிறவர்களுக்கு வாவு அட்டோலின் நீர்வழிகள், முக்கியமாக 'ஃபொட்டேயோ கண்டு' என்ற நீர்வழி. நீரோட்டம் வேகமானது, அனுபவம் இல்லாதவர்களுக்கு உகந்ததல்ல. பொழுதுபோக்கு மூழ்கலுக்கு நாடு முழுவதும் 30 மீட்டர்தான் சட்ட வரம்பு. கடைசி மூழ்கலுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விட வேண்டும். சீப்ளேன் தாழப் பறந்தாலும் இதே கணக்குதான். மூன்று இரவுப் பயணத்தில் மூழ்குவதற்கு நடு நாள் ஒன்றுதான் மிஞ்சும் என்பது இதிலிருந்தே தெரியும். புலிச்சுறாக்களுக்குப் பெயர்பெற்ற தென்கோடித் தீவான ஃபுவமுலா அதற்கென்றே போகிறவர்களின் இடம். தேனிலவுக்காரர்கள் விட்டுவிடலாம்.

அலைச்சறுக்கு என்றால் வடக்கு மாலேயின் கிழக்கு ஓரம், மார்ச் முதல் அக்டோபர்வரை. இரவில் கரையில் நீல ஒளி மின்னும் படங்களைப் பார்த்து ரா அட்டோலைத் தேர்கிறவர்கள் உண்டு. அது எங்கேயும் வரலாம், எந்த இரவிலும் வராமலும் போகலாம். அதற்காக இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மனிதர்கள் கண்ணில் படாத தனிமையும் பெரிய வில்லாவும்தான் வேண்டும், செலவு இரண்டாம்பட்சம் என்றால் நூனு. மிக விலை உயர்ந்த பல ரிசார்ட்டுகள் அங்கே உள்ளன. தீவுகளை ஒட்டி ஆழமற்ற, அகன்ற கடற்கழிகளும் உண்டு. வடக்கு மாலேயில் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுகளில் இரவில் மாலேயின் விளக்கொளி அடிவானத்தில் தெரியும். பகலில் விமானச் சத்தமும் கேட்கும். வசதி வேறு, தனிமை வேறு.

தீவை மேலிருந்து பாருங்கள்

அட்டோல் முடிவானதும், பட்டியலில் மிஞ்சிய நாலைந்து தீவுகளைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். விளம்பரப் படம் மறைக்கும் எல்லாவற்றையும் அது காட்டிவிடும். இதற்கு அரை மணி நேரம் செலவிடுங்கள்.

முதலில் நிறம். மணலை ஒட்டி வெளிர்நீலம் அகன்று கிடந்தால் அது ஆழமில்லாத கடற்கழி. நீந்தப் பழகுகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது, படத்துக்கும் அழகு. ஆனால் மீன் அதிகம் இருக்காது. கரையை ஒட்டியே நிறம் சட்டென்று கருநீலமாக மாறினால் பவளப்பாறை விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது. இதைத்தான் ஹவுஸ் ரீஃப் என்று விற்கிறார்கள். தூரத்தை அளக்கும் கருவி வரைபடத்திலேயே உண்டு. கரையிலிருந்து விளிம்புவரை 50 மீட்டருக்குள் இருந்தால் எந்தப் படகுமில்லாமல் தினமும் இறங்கி ஆமையும் குட்டிச் சுறாவும் பார்க்கலாம். 300 மீட்டரைத் தாண்டினால் சாதாரணமாக நீந்துகிறவர் ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கட்டித்தான் போக வேண்டும். அகன்ற கழியும் அருகில் பாறை விளிம்பும் ஒரே தீவில் கிடைப்பது கடினம்; கிடைத்தால் ஒரு பக்கம் கழி, மறுபக்கம் விளிம்பு என்று இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் கழியையும் தெரிந்தவர்கள் விளிம்பையும் எடுப்பதே சரி.

விளிம்பு பக்கத்தில் இருந்தாலும் வெளியேறும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாறையின் மேல்தளம் ஓதம் வடிந்த நேரத்தில் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். அதைக் கடக்க முயன்றால் பவளம் காலைக் கிழிக்கும், மிதித்த பவளமும் சாகும். படகுத்துறையிலிருந்தோ குறியிட்ட வழியிலிருந்தோ நேரே ஆழத்தில் இறங்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நீரிணையைப் பார்த்திருக்கும் பக்கத்தில் நீரோட்டம் கடுமை. முதல் நாள் தனியாக இறங்காதீர்கள்; எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மூழ்கல் மையத்தில் கேட்டு, எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இழுப்போடு போய் வெளியேற வேண்டும்.

பவளத்தின் உடல்நிலையை வரைபடம் காட்டாது. 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆழமற்ற இடங்களில் பெரும்பகுதி செத்தது. 2024லும் வெளுப்பு வந்தது. சில இடங்கள் நன்றாகத் துளிர்த்திருக்கின்றன, சில இன்னும் சாம்பல் மேடுதான். ரிசார்ட்டின் பழைய படங்களை நம்பாமல், கடந்த ஆறு மாதத்தில் விருந்தினர் எடுத்த நீருக்கடிப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து மரங்கள். நடுவில் அடர்பச்சை இருந்தால் பழைய, இயற்கைத் தீவு: நிழல் உண்டு, மழை பெய்த பிறகு கொசுவும் உண்டு. நேர்கோட்டு விளிம்புகளும் வட்டமான வடிவமும் சின்னஞ்சிறு தென்னைகளும் தெரிந்தால் மணலைக் கொட்டி உருவாக்கிய தீவாக இருக்கலாம். மாலேவுக்கு அருகில் எம்பூதூ கழியில் எழுந்தவை அத்தகையவை. வசதிகளில் குறை இருக்காது. வயது முதிர்ந்த மர நிழலும் கரையோரப் பவளமும் அங்கே எதிர்பார்க்க முடியாது.

கரையைச் சுற்றிக் கறுப்பு அல்லது சாம்பல் கோடுகள் தெரிந்தால் அவை அலைத்தடுப்புக் கற்களோ மணல்மூட்டைகளோ. தீவுகளின் மணல் பருவத்துக்குப் பருவம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். அதனால் 'கடற்கரை வில்லா' என்று எடுத்த அறையின் முன்னே அந்த மாதத்தில் கடற்கரையே இல்லாமல் போவது நடக்கிறது. எந்த எண் வில்லாக்களின் முன் நீங்கள் போகும் மாதத்தில் மணல் இருக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல ரிசார்ட்டில் இதற்குத் தெளிவான பதில் வரும்.

தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லா வரிசை கரையிலிருந்து எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். கடைசி வில்லாவிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கும் தீவுகள் உண்டு. வயதான பெற்றோரை அழைத்துப் போனால் 'பக்கி' என்ற சிறு வண்டியைக் கூப்பிட்டுக் காத்திருப்பதிலேயே பொழுது கழியும். சிறு குழந்தை இருந்தால் தண்ணீர் வில்லா வேண்டவே வேண்டாம். பல மேடைகளில் கைப்பிடிச் சுவர் இருக்காது. குறிப்பிட்ட வயதுக்குக் கீழே அனுமதி மறுக்கும் ரிசார்ட்டுகளும் உண்டு. இரண்டு இரவு தண்ணீர் வில்லா, மீதி இரவு கடற்கரை வில்லா என்று பிரித்துக்கொள்வது பல ஜோடிகளுக்கு நன்றாக அமைகிறது. இட மாற்றத்தின்போது அறை கைமாறும் இடைவெளியில் மூன்று நான்கு மணி நேரம் அறையில்லாமல் இருக்க நேரும் என்பது மட்டும்தான் குறை.

உண்மையான விலை

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் இன்னும் சேரவில்லை என்று பொருள். அந்த வரி 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 28.7 சதவீதம் ஏறும். இதற்கு மேல் பசுமை வரி, 2025 தொடக்கத்திலிருந்து ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர்.

ஒரு கணக்கு. இரவுக்கு 600 டாலர் கூட்டல் வரி, இருவர், நான்கு இரவு: 2,400 டாலர் வரியோடு ஏறத்தாழ 3,089 ஆகும். பசுமை வரி 96. சீப்ளேன் போக வர ஆளுக்கு 400 முதல் 700 டாலர்வரை இருக்கும்; 500 என்று வைத்தால் 1,000. மொத்தம் 4,185; இன்னும் மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேரவில்லை. அதே விலை அறை வடக்கு மாலேயில், ஸ்பீட் போட் ஆளுக்கு 200 என்றால் 3,585. வித்தியாசம் 600 டாலர், அதாவது அறையின் ஓர் இரவு விலை. ஏழு இரவு போகிறவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூன்று இரவு போகிறவர் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

சாப்பாட்டுத் திட்டத்தில் காலை உணவு மட்டும் எடுத்துச் சேமிக்கலாம் என்ற எண்ணம் ஒற்றை ரிசார்ட் தீவில் செல்லாது; வெளியே கடை கிடையாது. குறைந்தது இரவுச் சாப்பாடும் சேர்ந்த திட்டம் எடுங்கள். மது அருந்தாதவர்கள் எல்லாம் அடங்கிய திட்டத்தில் பெரும்பகுதி மதுவுக்கே கட்டுகிறார்கள் என்பதால், மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் அடங்கியது இருக்கிறதா என்று கேட்பது லாபம். முழுச் சைவர்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: முட்டை உண்டா, மீன் சாஸ் சேர்க்காமல் முடியுமா, பூண்டு வெங்காயம் வேண்டாமா என்பதுவரை. பெரிய ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர் பெரும்பாலும் இருப்பார். முப்பது நாற்பது வில்லா கொண்ட சிறிய தீவில் அதை உறுதிசெய்யாமல் போகக் கூடாது. பெட்டியில் மது எடுத்துப் போக வேண்டாம். விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். ரிசார்ட்டுகளில் கிடைக்கும், மக்கள் வாழும் தீவுகளில் கிடைக்காது.

இதய நோயோ கட்டாய மருந்தோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் வடக்கு மாலேயைத் தாண்டாமல் இருப்பதே நலம். பெரிய மருத்துவமனைகள் மாலேயில்தான். இரவில் சீப்ளேன் பறக்காது என்பது அப்போதுதான் உறைக்கும்.

பணம் கட்டுமுன் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

முகவரிடம் கேட்காமல் ரிசார்ட்டின் முன்பதிவு அலுவலகத்துக்கே எழுதுங்கள். எங்கள் விமானம் இத்தனை மணிக்கு இறங்கி, இத்தனை மணிக்குத் திரும்புகிறது. அன்றே தீவுக்கு வர முடியுமா, எந்த வழியில், வரியோடு போக வர எவ்வளவு? சீப்ளேன் தவறினால் அந்த இரவுக்கு யார் பொறுப்பு? நாங்கள் வரும் மாதத்தில் எந்தப் பக்கம் காற்று, எந்த வில்லாக்களின் முன் மணல்? கரையிலிருந்து பவளப்பாறை விளிம்பு எத்தனை மீட்டர்? தீவிலோ பக்கத்துத் தீவிலோ கட்டுமானம் நடக்கிறதா? தீவின் கடிகாரம் மாலே நேரத்திலா, ஒரு மணி நேரம் முன்னாலா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம்: பகல் வெளிச்சத்தைக் கூட்ட பல ரிசார்ட்டுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. மாலே நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். தீவு நேரம் அரை மணி முன்னால். திரும்பும் படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று தெரியாமல் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

பதில் இரண்டு நாளில், ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக வந்தால் அந்தத் தீவை நம்பலாம். வெறும் விளம்பரக் கோப்பு மட்டும் வந்தால் பட்டியலில் அடுத்ததற்குப் போங்கள். முடிவானதும் விமான எண்களை உடனே அனுப்பிவிடுங்கள். சீப்ளேன் இடம் அதைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் பயணி அறிக்கையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் போலியானது. திரும்பி வரும்போதும் அதே அறிக்கையை இன்னொரு முறை நிரப்ப வேண்டும்.